நான் கழித்த கோழி

ஒரே வேலையை இருபத்திரண்டு வருடம் செய்தவனை அந்த வேலையை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. அனுப்பினால், உலகம் முழுவதும் தன் மேஜைமேல் விரித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வான். இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். முட்டைக்காக ஏழு கோழி வாங்கி, சொந்த அக்காவின் மானத்தைக் கிட்டத்தட்டக் கப்பலேற்றிய ஆள் நான்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் எனக்குச் செலக்‌ஷன் வேலை. பதனிட்டு, சாயமேற்றி, மெருகு போட்டு முடித்த ஆட்டுத்தோல் கடைசியாக என் மேஜைக்கு வரும். வெளிச்சத்தில் விரித்து, கையால் தடவி, உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, அம்மைத் தழும்பு எல்லாம் பார்த்து, பின்பக்கத்தில் சாக்பீஸால் ஏ, பி, சி என்று எழுத வேண்டும். எதற்கும் ஆகாததை ரிஜெக்ட் என்று ஓரமாக எறிய வேண்டும். ஒரு தோலுக்கு மூன்று நொடிதான். அந்த மூன்று நொடியில் ஒரு ஆட்டின் முழு வாழ்க்கையையும் படித்துவிடுவேன் என்று புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் நான் சொல்வது வழக்கம். (ஆடு எதிர்த்துப் பேச வரப்போவதில்லை என்ற தைரியம்தான்.)

வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கத்தரிக்காயைத் தடவுவேன். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். தட்டில் தோசை விழுந்தால் திருப்பிப் பார்ப்பேன். என் மனைவி செல்வி, "பின்னாடி ஏ கிரேடுன்னு எழுதி வெச்சிருக்கேன், சாப்புடுங்க" என்பாள். பெண் பார்க்க வந்த அன்று தனக்கு என்ன கிரேடு போட்டேன் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த விஷயத்தில் மட்டும் நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இப்படிப்பட்ட நான் கோழிக்குப் போன காரணம், என் அக்கா மகள் நித்யாவின் வளைகாப்பு.

நித்யாவைக் காவேரிப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுடைய அப்பா, என் மச்சான், அவள் பள்ளிக்கூடம் போகும்போதே தவறிவிட்டார். அக்கா சுமதி ஒற்றை ஆளாக வளர்த்த பெண். அதனால் தாய்மாமன் என்ற முறையில் எல்லாச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பது என் பொறுப்பு. நிமிர்த்துவது மட்டும் எனக்கு நன்றாக வரும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அக்கா ஒரு அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டு, புதுப் பாய் வாங்கி மடித்து வைத்திருந்தாள். அந்த அறைக்குள் வேறு யாரையும் கால் வைக்க விடவில்லை.

காவேரிப்பாக்கத்தில் வளையல் போட்டு முடித்து, சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் நித்யாவின் மாமியார் பச்சையம்மா வாயைத் திறந்தார். ஏரிக்கரையோரம் நிலமும் மாடும் கோழியும் வைத்திருக்கும் மனுஷி. குரல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கும்.

"பொண்ணுக்கு ரத்தம் கம்மியா இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இங்க நான் தினம் ஒரு நாட்டுக்கோழி முட்டை அவிச்சிக் குடுத்துக்கினு இருக்கேன். ஆம்பூர்ல இன்னா கிடைக்கும்? கடை முட்டைதானே? அதனால பிரசவம் இங்கயே ஆவட்டும்னு பாக்கறேன்."

அக்கா பரிமாற எடுத்த பாயசச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் என் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"தாய்மாமன் நான் இருக்கேன்மா" என்றேன். "தினம் ஒரு நாட்டு முட்டை என் பொறுப்பு. கடை முட்டை இல்ல. எங்க வூட்டுக் கோழி போட்ட முட்டை."

பச்சையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி தம்பி. உன்ன நம்பி அனுப்பறேன். ரெண்டு மாசம் கழிச்சு வருவேன். பொண்ணையும் பாப்பேன், கோழியையும் பாப்பேன். சரியில்லன்னா அன்னிக்கே கூட்டிக்கினு வந்துடுவேன்" என்றார்.

அக்கா கண் கலங்க என்னைப் பார்த்தாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். இலையில் உட்கார்ந்ததும் செல்வி என் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, நம்ம வூட்ல ஏதுங்க கோழி?"

"வாங்கினா போவுது" என்றேன். அப்பளம் உடையாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டே.

அன்றிலிருந்து ஃபோனும் கையுமாக உட்கார்ந்தேன். கோழியில் இத்தனை இனம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. சிறுவிடை என்று ஒன்று, பெருவிடை என்று ஒன்று, கருங்கோழி, கழுத்தில் முடியில்லாத கோழி, தலையில் பூ வைத்தது மாதிரி கொண்டை வைத்த கோழி. எது எத்தனை முட்டை போடும் என்று ஒவ்வொரு வீடியோவிலும் தெளிவாகச் சொன்னார்கள். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கோழியை மட்டும் பார்த்தேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி இறகை ஆராய்ந்தேன்.

கருங்கோழியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்கு இறகு மட்டுமில்லை, தோல், சதை, எலும்புவரை கறுப்பு. எங்கள் தொழிலில் சாயம் நடுவரை இறங்கியிருக்கிறதா என்று தோலின் ஓரத்தை வெட்டிப் பார்ப்போம். பாதித் தோல் நடுவில் வெள்ளையாக இளித்துவிடும், அன்றைக்குச் சாயப் பிரிவில் ஒரே கலவரமாக இருக்கும். இங்கே ஆண்டவன் எலும்புவரை சாயம் இறக்கி அனுப்பியிருக்கிறான். அப்போதே இரண்டு கருங்கோழி என்று முடிவு செய்துவிட்டேன். அது முட்டை போடுமா என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை.

என் பக்கத்து மேஜைக்காரர் ரஃபி பாய், மேல்விஷாரத்திலிருந்து தினமும் வருகிறவர், ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் செய்தார்.

"முட்டைக்குன்னா சிறுவிடை வாங்குப்பா. எங்கம்மா அதான் வெச்சிருக்காங்க. பாக்க சுமாரா இருக்கும், ஆனா முட்டை ஜாஸ்தி. வேற எதனா வாங்கினா பேஜாராயிடும்."

அவர் சொன்னதில் 'பாக்க சுமாரா இருக்கும்' என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது. சுமாரான பொருளை இந்தக் கை எடுத்ததே இல்லை பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஆலங்காயம் பக்கம் ஒரு சந்தைக்குப் போனேன். சட்டைப் பையில் பழக்கதோஷத்தில் சாக்பீஸ் இருந்தது. கோழிக்காரர் கூண்டுகளை இரண்டு வரிசையாக வைத்திருந்தார். ஒரு வரிசையில் பளபளவென்று இளம் கோழிகள். இன்னொரு வரிசையில், பார்த்தாலே மனசு கஷ்டப்படும் ஜன்மங்கள். இறகு தேய்ந்து, வால் பிய்ந்து, கால் வெளுத்து, ஒன்றுக்கு முதுகில் பாதி மொட்டை.

"சார், முட்டைக்கா கறிக்கா?" என்றார்.

"முட்டைக்கு."

"அப்போ இந்தப் பக்கம் பாருங்க" என்று மொட்டை வரிசையைக் காட்டினார்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எனக்கா? தோல் வியாபாரத்தில் ஒவ்வொருவனும் இப்படித்தான் முதலில் கழிசலைத் தள்ளப் பார்ப்பான். நல்லதை அடியில் மறைத்து வைத்துவிட்டு, 'அண்ணே இது உங்களுக்குன்னே எடுத்து வெச்சது' என்பான். இருபத்திரண்டு வருடமாக இந்த வித்தையைப் பார்க்கிறவன் நான். பதில் பேசாமல் பளபளப்பு வரிசைக்குப் போனேன்.

பிறகு நான் செய்ததை இன்று நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒவ்வொரு கோழியாக எடுத்து, வெயிலில் திருப்பி, இறகை எதிர்ப்பக்கமாகத் தடவினேன். இறக்கையை விரித்து உள்பக்கம் பார்த்தேன். கீறல் உண்டா, தழும்பு உண்டா, நிறம் ஒரே சீராக இருக்கிறதா, கால் மஞ்சளாக மினுக்குகிறதா, எல்லாம் பார்த்தேன். பிறகு சாக்பீஸை எடுத்துக் கோழியின் முதுகில் 'ஏ' என்று எழுதினேன். எழுதும்போது முதல் கோழி என் கட்டைவிரலைக் கொத்தியது. சந்தையில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. மந்திரிக்கிறேன் என்று நினைத்த ஒரு அம்மா, தன் கோழிக்கும் எழுதச் சொல்லி நீட்டினார். பார்த்து பி போட்டுக் கொடுத்தேன்.

கருங்கோழி இரண்டு, பெருவிடையில் நான்கு. எல்லாம் ஏ. அதிலும் ஒன்று செம்பட்டையும் கறுப்புமாக, கழுத்திறகு தங்கம் மாதிரி மின்னியது. அதற்கு ஏ பிளஸ்.

"சார், இதெல்லாம் இன்னும் எளசு. முட்டைக்கு வர நாளாவும்" என்றார் கோழிக்காரர்.

"அதான் தழும்பில்லாம இருக்குது" என்றேன் நான், அவரை மடக்கிவிட்ட திருப்தியில்.

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. போகும்போது, மொட்டை முதுகு வைத்திருந்த அந்தக் கடைசி ஜன்மத்தைக் கையில் எடுத்தார். "ஆறு வாங்கிட்டீங்க. இது கொசுறு. வெச்சிக்குங்க சார், தேவைப்படும்."

"ரிஜெக்ட் எல்லாம் நம்ம வூட்டுக்குள்ள வராதுங்க" என்றேன்.

செல்வி என்னைத் தாண்டிக் கை நீட்டி அதை வாங்கி, புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். "சும்மா குடுக்கற லட்சுமிய வேணாம்னு சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள். வண்டியில் வரும் வழியெல்லாம் அது என் முதுகை முறைத்துக்கொண்டே வந்திருக்கும்.

ஆறு அழகிகளுக்கும் பின்பக்கம் வலைபோட்டுப் புதுக் கூண்டு கட்டினேன். அந்த மொட்டையை மட்டும் உள்ளே விடவில்லை. லாட் கலக்கக் கூடாது என்பது எங்கள் துறையில் முதல் பாடம். ஒரு மட்டமான தோல் உள்ளே போனால் மொத்தக் கட்டும் விலை போகாது. அதனால் அது வெளியிலேயே துணி துவைக்கிற கல் பக்கம், மாடிப்படிக்கு அடியில் என்று தன் பாட்டுக்குத் திரிந்தது. பெயர்கூட வைக்கவில்லை. ரிஜெக்ட் என்றே கூப்பிட்டோம்.

தெருவே வந்து கூண்டைப் பார்த்தது. நான் ஒவ்வொரு கோழியின் சிறப்பையும் விளக்கினேன். ஏ பிளஸ்ஸைத் தனியாகத் தூக்கிக் காட்டினேன். ஐந்தாம் நாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஏ பிளஸ் கூண்டின் மேல் கட்டையில் ஏறி நின்றது. கழுத்தை நீட்டியது. கொஞ்சம் தொண்டை கட்டிய குரலில், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், கூவியது.

செல்வி சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்க ஏ பிளஸ் மீசை மொளைக்கற வயசுப் பையன்ங்க."

மற்ற ஐந்தும் கூவவில்லை. ஆனால் முட்டையும் போடவில்லை. தீனி மட்டும் கல்யாணப் பந்தி மாதிரி தின்றன. பெருவிடை மூன்றும் சதா ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றன. அது சண்டைக்கோழி வம்சம் என்று வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேனே.

இதற்குள் நித்யா தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த தெருதான். முதல் நாள் காலை அக்கா ஃபோன் செய்தாள். "டேய் சேகரு, முட்டை எங்கடா? அவிக்கத் தண்ணி வெச்சிட்டேன்."

என்ன செய்வது? கடைத்தெருவுக்கு ஓடினேன். ஒரு கடையில் நாட்டுக்கோழி முட்டை என்று எழுதி வைத்திருந்தார்கள். கூடையில் எல்லா முட்டையும் ஒரே பழுப்பு நிறம். ஒன்றுக்கொன்று ஒரு நூல் வித்தியாசம் இல்லை. என்ன ஒரு சீரான ஷேடு என்று வியந்துபோய், மூன்று நொடியில் ஏ கிரேடு போட்டு வாங்கினேன். கையுறைக்கு வெட்டும் மெல்லிய தோல் துண்டில் சுற்றி, "நம்ம கோழி போட்டது அக்கா, இன்னும் சூடு ஆறல" என்று கொடுத்தேன். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் பொய் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு எப்படியும் போட்டுவிடும் என்று நம்பினேன். தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு முட்டை, தினமும் ஒரு பொய் என்று ஏழெட்டு வாரம் ஓடிவிட்டது. நித்யா சாப்பிட்டுவிட்டு, "மாமா, உங்க கோழிக்கு என் சார்பா தேங்க்ஸ் சொல்லு" என்பாள். உடனே எனக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

அந்தக் காலையும் வந்தது. தோல் துண்டில் சுற்றிய முட்டையோடு உள்ளே நுழைகிறேன், கூடத்தில் பச்சையம்மா உட்கார்ந்திருக்கிறார். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"வா தம்பி. குடு, இன்னிக்கு நானே அவிக்கறேன்" என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். சமையலறைக் குழாயில் முட்டையைக் கழுவினார். எல்லாரும் கழுவுவதுதான். அக்கா அப்படியே தண்ணீரில் போட்டுவிடுகிறவள், அதனால் இத்தனை நாள் தப்பித்திருந்தேன். பச்சையம்மா மாட்டுத் தீவனத் தொட்டியைத் தேய்க்கிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். பழுப்பு நிறம் விரலோடு வந்தது. இன்னொரு தேய்ப்பு. உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று பண்ணை முட்டை எட்டிப் பார்த்தது. அவர் விரலை மோந்து பார்த்தார்.

"டீத்தூளு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னாபா, உங்க ஊர்ல கோழி டீ குடிக்குதா?"

ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது எங்கள் மேஜையில் தினசரிச் சோதனை. அப்படிச் செய்யாமல் ஒரு துண்டுத் தோலைக்கூட நான் வெளியே அனுப்பியதில்லை. ஐம்பது முட்டையை அனுப்பியிருக்கிறேன். கடைக்காரன் என்னை ஏமாற்றினான், நான் அக்காவை ஏமாற்றினேன், நடுவில் கோழிக்குச் சம்பந்தமே இல்லை.

"இத்தினி நாளா இதான் குடுத்தியா மாமா?" என்றாள் நித்யா. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை.

அக்கா அந்த வெள்ளையடித்த அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோழியாவது இருக்குதா, அதுவும் இல்லையா?" என்றார் பச்சையம்மா.

"இருக்குதும்மா. ஏ கிரேடு" என்று என் வாய் தானாகச் சொன்னது.

எல்லோரும் எங்கள் வீட்டுக்கு நடந்தோம். நித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். பச்சையம்மா நேராகக் கூண்டுக்குள் குனிந்து போய், ஒரு பெருவிடையைக் காலைப் பிடித்துத் தூக்கினார். வாலுக்குக் கீழே இரண்டு எலும்புக்கும் நடுவில் விரல் வைத்துப் பார்த்தார். அடுத்தது. அதற்கடுத்தது. என்னைப் போலவே ஒவ்வொன்றுக்கும் மூன்று நொடிதான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு தொழிலாளிக்கு இன்னொரு தொழிலாளிமேல் வரும் மரியாதை வந்தது.

"இங்க ரெண்டு விரல், மூணு விரல் போவணும் தம்பி. ஒரு விரல்கூட போவல. இதுங்க இன்னும் முட்டைக்கே வரல. வந்தாலும் ஜாஸ்தி போடற இனமில்ல, சண்டைக்கு வளக்கறது. இன்னா பாத்து வாங்கின?"

"கால் மஞ்சளா, றெக்கை தேயாம…"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அட, முட்டை போடற கோழிக்கு எங்கயிருந்துய்யா கால் மஞ்சளா இருக்கும்? அந்த மஞ்சள் எல்லாம் முட்டைக்குள்ள போயிடும். உழைக்கிற கோழிக்கு றெக்கை தேயும், கால் வெளுக்கும். நீ ஒழைக்காததா பாத்துப் பொறுக்கி எடுத்துக்கினு வந்திருக்கற."

கோழிக்காரர் காட்டிய மொட்டை வரிசை முழுவதும் என் கண்முன் வந்து நின்றது. ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

அப்போதுதான் மாடிப்படிப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கெக்கெக்கெக்கென்று விடாமல், ஊரைக் கூட்டும் சத்தம். பச்சையம்மாவின் காது விறைத்தது.

"அது யாரு கோழி?"

"அது ரிஜெக்ட்மா" என்றேன். "கணக்குல இல்ல."

அவர் கேட்காமல் படிக்கு அடியில் குனிந்தார். அங்கே நான் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் என் கையால் தேர்ந்தெடுத்த உயர்ந்த தோல்களிலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டிச் சேர்த்த பொக்கிஷம். விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக. (யாரும் இரண்டாவது முறை பார்க்கக் கேட்டதில்லை.) அந்த மெத்தென்ற தோல் மெத்தையில், வட்டமாக அடுக்கி வைத்ததுபோல் முட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு சாயல் கூடக்குறைய. மேலே இருந்ததைப் பச்சையம்மா எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நிஜமாகவே இன்னும் சூடு ஆறவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"கத்தறது கேட்டுச்சு. ரெண்டு மூணு வாட்டி நான் எடுத்துப் பொரிச்சும் போட்டேன், நீங்களும் நல்லா இருக்குதுன்னு சாப்ட்டீங்க. ரிஜெக்ட் போட்டதுன்னு சொன்னா லாட் கலக்கக் கூடாதுன்னு பாடம் எடுப்பீங்க. அதான் சொல்லல" என்றாள்.

"ஏண்டி, நித்யாவுக்குக் குடுத்திருக்கலாமே?"

"அவளுக்குத்தான் நீங்க தினம் ஏ கிரேடு முட்டை குடுத்துக்கினு இருந்தீங்களே. கேட்டா கூண்டுல கோழி போட்டதுன்னு சொன்னீங்களே."

மனைவியிடமும் பொய் சொல்லியிருந்தேன் என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நான் பச்சையம்மாவின் முன்னால் போய் நின்றேன். இந்த முறை நெஞ்சு நிமிரவில்லை. "தப்பு என்னுதுதான்மா. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அவ ராத்திரி பகலா பொண்ண நல்லாத்தான் பாத்துக்கறா. என்ன வேணும்னா திட்டுங்க, பொண்ண மட்டும் கூட்டிக்கினு போயிடாதீங்க" என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், ஒரு சேவலும் ஐந்து சோம்பேறிகளும் பார்த்துக்கொண்டிருக்க அழுதேன்.

பச்சையம்மா நித்யாவின் முகத்தைப் பிடித்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். கன்னத்தைத் தட்டினார். பிறகு அக்காவிடம், "ரத்தம் ஏறித்தான் இருக்குது சம்பந்தி. கீரையும் பேரீச்சம்பழமும் நீ குடுத்ததா?" என்றார். அக்கா தலையாட்டினாள். "இருக்கட்டும். இங்கயே பொறக்கட்டும். ஆனா தம்பி சொன்ன வாக்க தம்பிதான் காப்பாத்தணும். கிளம்பு சந்தைக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கூட வந்தார். கோழிக்காரர் என்னைப் பார்த்ததும் சாக்பீஸைத் தேடி என் சட்டைப் பையைப் பார்த்தார். பச்சையம்மா ஒரு கூடையோடு என் பக்கத்தில் நின்றுகொண்டு, "நீ உன் வேலைய பண்ணு தம்பி" என்றார். நான் மொட்டை வரிசையில் ஒன்றை எடுத்தேன். முகம் தானாகச் சுளித்தது. "இதும்மா, இறகெல்லாம் போயி…"

"போதும்" என்று அதை வாங்கிக் கூடையில் போட்டார்.

இப்படி நான் எதைப் பார்த்து முகம் சுளித்தேனோ அதையெல்லாம் எடுத்துக்கொண்டார். ஒன்றைப் பார்த்து, "இது பரவால்லமா" என்றேன். அதைத் திருப்பிக் கூண்டில் விட்டுவிட்டார். நான்கு சிறுவிடைக் கோழிகள் வந்தன. மறுநாள் காலை இரண்டு முட்டை. அதற்கு மறுநாள் மூன்று. நானே கழுவி, நானே தேய்த்துப் பார்த்து, ஓட்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிஜெக்டைக் கூண்டுக்குள் விட்டேன். அது என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்து, மறுபடி தோல் பெட்டிக்கே போய்விட்டது.

அன்று தொடங்கியதுதான். எங்கள் குடும்பத்தில் இப்போது எது வாங்கப் போனாலும் என்னை அழைத்துப் போகிறார்கள். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க இல்லை, எதைக் கழிக்கிறேன் என்று பார்க்க. புடவைக் கடையில் நான் உதட்டைப் பிதுக்கினால் அக்கா உடனே அதை பில் போடச் சொல்கிறாள். பலாப்பழம், மிக்ஸி, செல்வியின் தம்பிக்குப் பார்த்த பெண் எல்லாம் நான் வேண்டாம் என்றவைதான். எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, அதுதான் வருத்தம்.

நித்யாவுக்குப் பையன் பிறந்தான். அக்கா வீட்டில் அந்த வெள்ளையடித்த அறைக்குத்தான் முதலில் வந்தான். பார்க்கப் போனபோது பச்சையம்மா அவனைத் துணியோடு தூக்கி என் கையில் வைத்தார்.

"பாத்து சொல்லு தம்பி. இன்னா கிரேடு?"

நான் வெளிச்சத்துப் பக்கம் திரும்பினேன். பிறந்த பிள்ளைக்கு இருக்கிற மாதிரி உடம்பெல்லாம் தோல் உரிந்துகொண்டிருந்தது. நெற்றியில் சுருக்கம், ஒரு காது மடங்கி, மூக்கில் வெள்ளைப் புள்ளிகள், தலையில் பின்பக்கம் பாதி மொட்டை. இவ்வளவு குறை உள்ள ஒன்றை என் கை அதுவரை இவ்வளவு ஆசையாகத் தூக்கியதில்லை. வாய் தானாக 'ஏ' என்று திறந்தது. அக்கா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"டேய், சொல்லாத! நீ 'ஏ'ன்னு சொன்னது எதனா உருப்பட்டிருக்குதா?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "ரிஜெக்ட்" என்றேன்.

"அப்பாடா, புள்ள நல்லா இருப்பான்" என்று பச்சையம்மா திருஷ்டி கழித்தார். குப்பன், பிச்சை என்று பிள்ளைக்குப் பெயர் வைத்துக் கண்ணேறு கழிப்பார்களே, அப்படி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அழகான பெயர் இருக்கிறது. வீட்டில் ரிஜெக்டுதான்.

போன ஆயுத பூஜைக்குக் குடும்பத்தைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போயிருந்தேன். பையனைத் தூக்கி என் மேஜைமேல் உட்கார வைத்திருந்தேன். எங்கள் மேனேஜர் வந்து, கன்னத்தைக் கிள்ளி, பேர் என்ன என்று கேட்டார்.

"ரிஜெக்டு" என்றான், தெளிவாக.

மேனேஜர் முகம் மாறிப்போனது. பக்கத்து மேஜையில் ரஃபி பாய் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். "இவ்ளோ அழகான புள்ளைய யாருய்யா ரிஜெக்ட் பண்ணது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்" என்றேன். நெஞ்சு தானாக நிமிர்ந்தது.